ஷார்ஜாக் கோட்டையும் எமது தலைவாசலும்

ஷார்ஜாத் தொழிற்பேட்டையிலே, இடிபடும் கட்டிடங்களின் கதவு, சாளரம், இரும்புக்கம்பி, குளிரூட்டி ஆகியவற்றை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கும் கிடங்கு ஒன்றில் நாம் கணக்கெழுதி வருகின்றோம். ஒரு காலத்தில் வகுப்பறையில் வரலாறும் தமிழும் படிப்பித்தவர்கள் நாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தந்த கலைப்பட்டம் இப்போது எமது பெட்டியின் அடியில் கிடக்கின்றது. அதன்மேல் இன்னமும் கையொப்பமிடாத ஓர் அற்றோணித் தத்துவப் பத்திரம் கிடக்கின்றது. அந்தப் பத்திரம் எமது கையை இத்தனை மாதங்களாகத் தடுத்து வைத்திருக்கும் காரணத்தைச் சொல்வதற்காகவே இதனை எழுதத் தொடங்கினோம். ஆயினும், இந்த நகரத்தைப் பற்றிச் சிறிது சொல்லாமல் அதைச் சொல்ல இயலாது.

எமது கிடங்கில் இரும்பும் அலுமினியமும் நிறைக்கு விலைபோகும். கதவுகள் எண்ணிக்கைக்கு விலைபோகும். சென்ற ஆண்டு ஒரு லொறியில் வந்திறங்கிய கதவுகளுள் ஒன்றின் உட்புறத்தில் பென்சிற்கோடுகள் இருந்தன. கீழிருந்து மேலாக ஏழெட்டுக் கோடுகள். ஒவ்வொன்றின் அருகிலும் மலையாளத்தில் ஒரு பெயர், ஒரு திகதி. முதற்கோடு 1989, கடைசிக் கோடு 1997. எந்தக் கட்டிடத்தின் எந்த வீட்டுக் கதவு என்று லொறிச்சாரதிக்குத் தெரியவில்லை. தெரியவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. மேற்பார்வையாளரான பட்டாணியர் நாற்பது திர்ஹம் என்று விலை சொன்னார். நாம் பேரேட்டில் 'மரக்கதவு, உள், 1' என்று பதிந்தோம். மறுநாளே அது விற்றுப்போயிற்று.

வளர்கின்ற நகரம் எதுவாயினும் தன் பழையதைத் தின்றுதான் வளர்கின்றது. இதில் ஷார்ஜாவை மட்டும் குறைசொல்ல ஒன்றுமில்லை. வார விடுமுறையில் எம்மவர் கூடும் ரோலாச் சதுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ரோலா' என்பது இங்கே நின்ற ஓர் ஆலமரத்தின் பெயர் என்பதை அங்கே தேநீர் குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசும் எத்தனை பேர் அறிவர்? பெருநாட்களில் ஊரே திரண்டு ஊஞ்சலாடிய அந்த மரம் 1970-களின் பிற்பகுதியில் பட்டுப்போயிற்று. அதன் நினைவாக ஒரு சின்னத்தை அமைத்துள்ளனர். மரம் போனாலும் பெயர் நிலைத்தது. அரசர் அப்துல் அசீஸ் வீதியில் வாகன நெரிசலுக்குள் அகப்பட்டு நிற்பவர்கள், தாம் நிற்பது பழைய விமான ஓடுபாதையின்மேல் என்பதை அறியார். 1932-இல் பிரித்தானியரின் இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் இந்தியாவுக்குச் செல்லும் வழியில் இறங்கித் தங்குவதற்காக அமைந்த நிலையம் அது. 1977-இல் விமான நிலையம் நகருக்கு வெளியே பெயர்ந்தது. ஆயினும் பழைய தங்குமனையை இடிக்காமல் வைத்திருந்து 2000-ஆம் ஆண்டில் 'அல் மஹத்தா' என்ற பெயரில் அருங்காட்சியகமாக்கினர்.

கோட்டையின் கதையே இவற்றுள் பெரிது. 1820-களிலே ஆட்சிக் குடும்பத்தின் வாழ்மனையாகவும் அரசிருக்கையாகவும் எழுந்தது ஷார்ஜாவின் 'அல் ஹிஸ்ன்' கோட்டை. நூற்றைம்பது ஆண்டு நெருங்கும் வேளையில், எண்ணெய்க் காலம் வாசலில் வந்து நிற்க, அது பழையது, இடைஞ்சல், இடிக்கலாம் என்று முடிவாயிற்று. அப்போது கெய்ரோவில் விவசாயம் படித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவருக்குச் செய்தி எட்டியது. அவரே இன்றைய ஆட்சியாளரான ஷேக் சுல்தான் பின் முஹம்மது அல் காசிமி. அவர் விரைந்து ஊர் திரும்பினார். 1970-ஆம் ஆண்டின் தொடக்கம் அது. வந்து பார்த்தபோது பெரும்பகுதி மண்மேடாகிவிட்டது. ஒரு கோபுரமும் சுவரின் ஒரு பகுதியுமே எஞ்சியிருந்தன. இடிப்பை நிறுத்துவித்த அவர், அடுத்துச் செய்த காரியத்தையே நாம் பல இரவுகள் எண்ணிப் பார்த்ததுண்டு. அத்திவாரம் சென்ற வழியை அளந்து குறித்துக்கொண்டார். கதவுகளையும் சாளரங்களையும் எடுத்துப் பாதுகாத்தார். அப்போது அவர் ஆட்சியாளர் அல்லர். ஆட்சியிலிருந்தவர் அவரது தமையனார். அந்த இடத்தில் மறுபடி ஒரு கோட்டை எழும் என்று அன்று எவரும் அவருக்கு வாக்களித்திருக்க முடியாது. கால்நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் கதவுகள் காத்திருந்தன. 1996-97-இல், அந்த அளவுகளையும் பழைய நிழற்படங்களையும் முதியோரின் நினைவுகளையும் துணைக்கொண்டு கோட்டையை மறுபடி கட்டியெழுப்பினர்.

இன்று அங்கே சென்றால் பழைய கோபுரமும் புதிய சுவரும் ஒரே நிறத்தில் நிற்கக் காணலாம். 'புதிதாகக் கட்டியது எப்படிப் பழையதாகும்?' என்று எம்முடன் வந்த இளைஞர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வியே. கட்டியது புதிது, அளவு பழையது என்று சொன்னோம். அவருக்கு அது போதவில்லை. எமக்கும் முழுமையாகப் போதவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் அந்த அளவும் இல்லாதிருந்தால் அங்கே இன்று நின்றிருப்பது வெறும் கற்பனைக் கோட்டையே.

கோட்டை நின்ற வீதிக்கு எஞ்சிய கோபுரத்தின் பெயரே வந்தது. 'புர்ஜ்' என்றால் கோபுரம். எம்மவர் வாயில் அது வங்கி வீதி. 1970-களில் அதன் இருமருங்கிலும் சீமெந்து மாடிக்கட்டிடங்கள் வரிசையாக எழுந்தன. கீழே வங்கிகளும் கடைகளும், மேலே குடியிருப்புகள். 2010-இல் 'ஷார்ஜாவின் இதயம்' என்னும் பெரிய திட்டம் தொடங்கிற்று. பழைய நகரப்பகுதியை 1950-களில் இருந்த தோற்றத்துக்கு மீட்பது அதன் நோக்கம். சந்தைகளும், பவளக்கல் வீடுகளும், வட்ட வடிவிலான காற்றுக்கோபுரத்தை உடைய மித்ஃபா குடும்பத்து இல்லமும் நகரத்தின் பெருமையாகப் போற்றப்படுகின்றன. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஷார்ஜாவின் பெயர் ஏறிற்று. இவை யாவும் நன்றே. ஆனால் அந்த மீட்புக்காக வங்கி வீதியின் மாடிக்கட்டிடங்கள் சில இடிபட்டன. எம் மனம் உறுத்துவது அங்கேதான். 1950-களின் ஷார்ஜா இந்த மண்ணின் மைந்தருடையது, முத்துக்குளிப்போருடையது, கடல்கடந்த வணிகருடையது. எம்மைப்போற் கூலிக்கு வந்தோர் திரளாக வந்து சேர்ந்தது 1970-களின் ஷார்ஜாவுக்கு. அந்தச் சீமெந்து மாடிகளே எம்மவருக்கு முதல் முகவரி. அழகில்லாத கட்டிடங்கள்தாம். இருந்தாலும் அவற்றிலும் பென்சிற்கோடுகள் இருந்திருக்கும்.

இந்த உறுத்தல் எமக்கு மட்டும் உரியதன்று போலும். அண்மைக் காலத்தில் 1970-களின் கட்டிடங்களையும் காக்கத் தொடங்கியிருக்கின்றனர். விண்மீன் வடிவக் கூரையுடன், 'பறக்கும் தட்டு' என்று ஊரார் அழைக்கும் வட்டக் கட்டிடம் ஒன்று உண்டு. உணவகமாகவும் பல்பொருட்கடையாகவும் பொரித்த கோழி விற்கும் இடமாகவும் காலந்தள்ளிய அதனை 2012-இல் ஷார்ஜாக் கலை நிறுவனம் பொறுப்பேற்றுப் புதுக்கி, 2020-இல் கலைக்கூடமாகத் திறந்தது. அல் காசிமியா என்னும் 1970-களின் பாடசாலைக் கட்டிடம் ஒன்றும் இடிபடாமல், கட்டிடக்கலைக் கண்காட்சி நிறுவனத்தின் இல்லமாயிற்று. பழைய ஆசிரியருக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு என்று சொன்னால் வாசகர் பொறுத்தருள்க.

மரபுப் பகுதியில் முதன்முதலாக நடந்த நாளில் எம்மை நிறுத்தியது ஒரு சுவர். மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் கல்லைத் தொட்டுப் பார்த்தோம். துளை துளையாய், மூளையின் மடிப்புப்போல் வரிவரியாய், இலேசான கல். இங்குள்ளோர் பவளக்கல் என்பர். எமக்கு அது முருகைக்கல். நெடுந்தீவின் வேலிகள் அந்தக் கல்லால் ஆனவை. யாழ்ப்பாணக் கோட்டையின் சுவரிலும் அந்தக் கல் உண்டு. பாரசீகக் கடலும் பாக்குநீரிணையும் தத்தம் கரையில் வாழ்ந்தோருக்கு ஒரே கல்லைத்தான் கொடுத்திருக்கின்றன. இவர்கள் கூரைக்குப் பேரீச்ச மரத்தையும் ஆபிரிக்கக் கரையிலிருந்து வந்த கண்டல் மரக்கம்புகளையும் கொண்டார்கள்; நாம் பனஞ்சலாகையைக் கொண்டோம். வேறுபாடு அவ்வளவே.

அந்தச் சுவரருகில் நின்றபோது எமக்கு யாழ்ப்பாணக் கோட்டை நினைவுக்கு வந்தது. போர்த்துக்கேயர் கட்டி, 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோணமாக்கிய கோட்டை. 1990-ஆம் ஆண்டு முற்றுகையில் அதன் உள்ளே இருந்த, 1706-இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம் அழிந்துபோயிற்று. அந்நியன் கட்டியதுதானே என்று அந்நாளில் நாமும் சொன்னோம். இருபது வயதில் எதையும் சொல்லலாம். அந்தக் கல்லை வெட்டியவனும் சுமந்தவனும் எம்மூர்க் கூலியாள் என்று அப்போது தோன்றவில்லை. போர் ஓய்ந்தபின் ஒல்லாந்தரின் நிதியுதவியும் சேரக் கோட்டையைச் செப்பனிடத் தொடங்கினர்.

நூலகத்தின் கதையை இப்பத்திரிகையின் வாசகருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. 1981 மே 31 இரவு எரிந்தபோது எமக்குப் பன்னிரண்டு வயது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும். 1984-இல் ஒரு பகுதி திறந்து, மறுபடி போரில் சிதைந்து, ஈற்றில் 2004-இல் முழுமையாக மக்களிடம் வந்தது. வெள்ளை வெளேரென்று, மெட்ராஸிலிருந்து வந்த நரசிம்மன் வரைந்த அதே உருவில் இன்று நிற்கின்றது. எரிந்த கட்டிடத்தை எரிந்தபடியே நினைவாக விடவேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். ஆசிரியராக இருந்த நாம் இரண்டாவது கட்சி. ஆயினும் ஓர் அறையையாவது கரிபடிந்த சுவருடன் விட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் எமக்கு இன்றும் உண்டு. புதுவெள்ளையைப் பார்க்கும் பிள்ளை அங்கே என்ன நடந்தது என்று கேட்காது.

இனி எமது பெட்டியிலுள்ள பத்திரத்துக்கு வருவோம்.

எமது பூட்டனார் கட்டிய வீடு வலிகாமம் வடக்கிலே, கடலுக்கு அண்மையில் இருந்தது. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுந்த நாற்சார் வீடு. வீதியிற் சங்கடப்படலை, அதைக் கடந்தால் தலைவாசல், உள்ளே நடுமுற்றம், பின்புறம் அடுக்களை, அதற்கப்பால் துலாக்கிணறு. 1990 யூனில், உடுத்த உடுப்புடன் வெளியேறினோம். 27 ஆண்டுகள் கழித்து, 2017-இல் எமது பகுதி விடுபட்டபோது விடுமுறையெடுத்துச் சென்று பார்த்தோம். படலை இல்லை. ஓடு இல்லை. மூன்று பக்கமும் தரைமட்டம். தலைவாசற் சுவர் மட்டும் நின்றது. அதன் முதிரைமர நிலை சுவருக்குள் ஆழப் பதிந்திருந்தமையால் பெயர்க்க முடியாமல் விட்டுச் சென்றனர் போலும். கதவு இல்லை. நிலைக்குள்ளால் பார்த்தபோது கடல் தெரிந்தது. முன்னர் அங்கிருந்து கடல் தெரிந்ததில்லை. இடையில் வீடு இருந்தது.

காணி எம் மூவருக்கும் பிரியாத பங்கு. அண்ணர் ரொறன்ரோவில் காலமாகிவிட்டார். அவர் பங்கைப் பெறாமகன் பேசுகின்றார். தமக்கையார் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கின்றார். காணியை வாங்க ஆள் வந்துள்ளது. வாங்குபவர் சுவரை இடித்துத் தரவேண்டும் என்கின்றார்.

பெறாமகன் தொலைபேசியிற் சொன்னது: 'சித்தப்பா, அந்தக் குட்டிச்சுவரை வைச்சு என்ன செய்யிறது? நீங்கள் சைன் வைச்சால் எல்லாம் முடிஞ்சிடும்.' அவரைக் குறைசொல்ல முடியாது. அவர் அந்த வீட்டில் ஒரு நாளும் உறங்கியவரல்லர்.

தமக்கையார் சொன்னதே எம்மைச் சுட்டது. 'தம்பி, கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ரை பிள்ளையின்ரை கலியாணம் நடக்குமே?' ஷார்ஜாவில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, பழைய கட்டிடங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது எளிது. பத்தடி அறைக்குள் மகளை வளர்த்தவரிடம் மரபைப் பற்றிப் பேச எமக்கு என்ன உரிமை? நகரங்களில் நடக்கும் வாதமும் இதுவே. காக்கவேண்டும் என்பவன் பெரும்பாலும் அதற்குள் வாழாதவன். விற்கவேண்டும் என்பவனுக்குக் கடன் இருக்கும். ஷார்ஜாவுக்குக் கோட்டையை மறுபடி கட்டப் பணம் இருந்தது. எமக்கு இல்லை. ஆகவே விற்பதற்கு இணங்கினோம். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தோம்: அளந்தபின்பே இடிக்கவேண்டும், நிலையை உடைக்காமல் எடுக்கவேண்டும்.

அளப்பதற்கு ஊரில் மேசன் வேலை செய்யும் எமது பழைய மாணவர் ஒருவரைக் கேட்டோம். கணக்குப் பாடத்தில் அவர் சுமார்தான். ஆனால் தூக்குக்குண்டு பிடித்த கை பிசகாது. இல்லாத பகுதிக்கு எங்கே அளவு எடுப்பது என்று அவர் கேட்டார். தரையில் அத்திவாரக் கல் தெரியும் இடமெல்லாம் அளக்கச் சொன்னோம். மீதியைத் தமக்கையாரிடம் கேட்டோம். முதலில் அவருக்கு இது விளையாட்டாகத் தோன்றியது. பின்னர் ஒருநாள் அவரே அழைத்தார். 'அடுக்களை வாசலிலை இருந்து கிணத்தடிக்கு இருபத்தேழு அடி வைக்கவேணும். தண்ணிக்குடத்தோடை எண்ணி எண்ணி நடந்தனான்.' பதினான்கு வயதுப் பெண்பிள்ளையின் அடி. அதை அங்குலமாக்குவது எப்படி என்று இரண்டு நாள் யோசித்தோம். ஈற்றில் 'அக்காவின் அடி 27' என்றே வரைபடத்தில் எழுதிக்கொண்டோம். மறுவாரம் நெல்லுப்பெட்டகம் இருந்த மூலையைச் சொன்னார். அதற்கடுத்த வாரம், அம்மா தலைவாசற் திண்ணையில் முதுகு சாய்த்த இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்து வழுவழுப்பாக இருந்ததைச் சொன்னார். மருமகள் அருகிலிருந்து அவற்றை ஒரு கொப்பியில் எழுதுகின்றாளாம்.

எம்மைப்போல் வீடிழந்த குடும்பங்களில் ஓர் அம்மம்மாவோ பெரியப்பாவோ இன்னும் இருப்பாராயின், ஒரு தாளையும் பென்சிலையும் அவர் முன் வையுங்கள். 'வீடு எப்படி இருந்தது?' என்று கேட்டால் அழுவார்கள். 'படலையால் உள்ளே வந்தால் இடக்கைப் பக்கம் என்ன?' என்று கேட்டுப் பாருங்கள், வரையத் தொடங்கிவிடுவார்கள். இது நாம் வகுப்பறையில் கற்ற வித்தை.

மாணவர் சென்ற கிழமை வட்ஸ்அப்பில் அளவுகளை அனுப்பியிருந்தார். தலைவாசல் நிலை: உயரம் 5 அடி 7 அங்குலம், அகலம் 3 அடி 1 அங்குலம். சுவரின் கனம் 1 அடி 10 அங்குலம். திண்ணை உயரம் 1 அடி 5 அங்குலம். நிலையின் உயரத்தைப் பார்த்ததும், அப்பா ஒவ்வொரு தடவையும் தலை குனிந்து உள்ளே வந்தது கண்முன் வந்தது. நிலையைக் கழற்றித் தனது மாட்டுக்கொட்டிலின் வளையில் கட்டிவைப்பதாகவும், கறையான் ஏறாமல் வேப்பெண்ணெய் பூசுவதாகவும் எழுதியிருந்தார். 'சேர், எல்லாம் அளந்திட்டன்' என்று முடித்திருந்தார்.

எல்லாம் அளக்கவில்லை. கிணற்றை மறந்துவிட்டார். கிணற்றின் விட்டமும், துலாக்கால் நின்ற குழிக்கும் கிணற்றுக் கட்டுக்கும் இடைப்பட்ட தூரமும் வேண்டுமென்று மறுபடி எழுதியிருக்கின்றோம். அவை வந்தவுடன், துபாயிலுள்ள இலங்கைத் துணைத்தூதரகத்துக்குச் சென்று பத்திரத்தில் கையொப்பமிடுவதாகத் தமக்கையாருக்குச் சொல்லியுள்ளோம். அன்றைக்கு அரைநாள் விடுப்புக்கு மேற்பார்வையாளரிடம் இப்போதே கேட்டுவைத்திருக்கின்றோம்.